புருனோவின் கெட்டிமேளம்

போன ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக்குத் தாளித்துக்கொண்டிருக்கிறேன், மகனுடைய அறையிலிருந்து புல்லாங்குழல் கேட்டது. பிள்ளை திருந்திவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன். உடனே ஓர்கன் அலறியது. பிறகு ட்ரம்ஸ். பிறகு யாரோ இத்தாலிய மொழியில் இழுத்து இழுத்துப் பாடினார். "அம்மா, இது எழுபதுகளில வந்த இத்தாலியன் புரொகிரெசிவ் ரொக். உங்களுக்கு விளங்காது" என்றான். எனக்கா விளங்காது? நீ பிறக்க முதலே என் பொறுமையைத் தின்று ஏப்பம் விட்ட சாமானடா அது!

எண்பதுகளில் இவர், அதாவது என் வீட்டுக்காரர், மொன்ட்ரியாலில் ஓர் இத்தாலிய உணவகத்தில் கோப்பை கழுவினார். அங்கே சமையற்காரன் புருனோ. இத்தாலியில் அப்படியொரு குழுவில் ட்ரம்ஸ் அடித்தவன். ஒரேயொரு இசைத்தட்டோடு குழு உடைந்துவிட்டது. தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. கடல் உண்டான கதையாம். வில்லரே பகுதியில் இவரும் கூட்டாளிப் பெடியன்களும் இருந்த பேஸ்மென்டுக்கு அந்தத் தட்டையும் காவிக்கொண்டு வந்துவிடுவான். இவரைக் கட்டுவதற்கு ஊரிலிருந்து நான் வந்திறங்கிய கிழமை எனக்கும் போட்டுக் காட்டினான். நடுவில் யாரும் வாய் திறந்தால் முறைப்பான். "உலை வச்சுச் சோறும் வடிச்சுப்போடலாம், இந்தப் பாட்டு முடியாது" என்பார் இவர். சொல்லிக்கொண்டே தலையையும் ஆட்டுவார். அதுதான் எனக்கு எரிச்சல்.

அடுத்த மாதம் எங்களுக்குக் கலியாணம். என் பக்கத்தில் ஒரு குருவிகூட இல்லை. ஊரில் சண்டை, தொலைபேசித் தொடர்பு அறுந்து எத்தனையோ நாள். அம்மா இருக்கிறாவா இல்லையா என்று தெரியாமலே கூறைச்சேலை உடுத்தேன். தாய் இடத்தில் நின்றவர் இவருடைய மாமி ஒருவர். அவர் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "பிள்ளை, தாலி கட்டேக்க அழப்படாது. கெட்ட சத்தம் ஒண்டும் காதில விழப்படாது எண்டுதானே கெட்டிமேளம் அடிக்கிறது." அழுகை என்ன, நினைத்தவுடன் பூட்டி வைக்கத் தண்ணீர்க் குழாயா?

அந்தக் காலத்தில் இந்த நகரத்தில் தவிலும் கிடையாது, நாதஸ்வரமும் கிடையாது. எல்லார் கலியாணத்துக்கும் ஒரே கசெற்தான் வீடு வீடாகப் போகும். அன்று காலை தேவாலயத்துக்குக் கீழேயிருந்த மண்டபத்தில் போட்டுப் பார்க்க, நாடா மெஷினுக்குள் சிக்கி அறுந்துபோனது. இவர் என்ன செய்தார் தெரியுமா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் புருனோவைக் கூப்பிட்டார். நான் வந்து பார்க்கிறேன், மணவறைக்குப் பக்கத்தில் பளபளவென்று ட்ரம்ஸ் செட்!

"பயப்படாதையும். எல்லாம் விளங்கப்படுத்திப் போட்டன். ஐயர் விரலைக் காட்டினா அடிப்பான், கையைக் காட்டினா நிப்பாட்டுவான்" என்றார் இவர்.

விரலைக் காட்டியதும் அடித்தான், பொய் சொல்லக்கூடாது. தாலி கழுத்தில் ஏறியது. எனக்கு அழுகை வெடித்துவிட்டது. விம்மல் இல்லை, "அம்மா" என்று வாய்விட்ட அழுகை. ஐயர் கையைக் காட்டினார். புருனோ நிறுத்தவில்லை. திரும்பவும் காட்டினார். அவன் என்னையே பார்த்தபடி இன்னும் பலமாக அடித்தான். பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படித்த பாவத்துக்கு, அந்த அழுகைக்குள்ளும் தாளத்தை எண்ணினேன். தகிட தகதிமி, தகிட தகதிமி. ஏழு எண்ணிக்கை, ஒன்றும் பிசகவில்லை.

"தம்பி, அவனை நிப்பாட்டச் சொல்லும். அங்கால அலுவல் கிடக்கு" என்று ஐயர் பல்லைக் கடித்தார்.

"அவனுக்கு முடிக்கத் தெரியாது ஐயா" என்றார் இவர்.

நான் அழுது, மூக்கை உறிஞ்சி, முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். புருனோ குச்சிகளை மடியில் வைத்தான்.

பந்தியில் இவர் அவன் மேல் பாய்ந்தார். அவனும் உடைந்த பிரெஞ்சில் பதிலுக்குக் கத்தினான். என்ன சொல்கிறான் என்று கேட்டேன். "அழுகைச் சத்தம் கேக்கப்படாது எண்டு நீதானே சொன்னனி, அவ அழுது முடிக்கேல்ல, நான் எப்பிடி நிப்பாட்டுறது எண்டு கேக்கிறான்" என்றார் இவர். பிறகு வடையைப் பிய்த்தார். அவ்வளவு நாளும் திட்டிய அந்த மனிதனைக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

அம்மாவை நான் பிறகு காணவேயில்லை. செய்திதான் வந்தது. புருனோ இத்தாலிக்கே போய்விட்டான் என்றார்கள். உணவகம் இருந்த இடத்தில் இப்போது பல் பிடுங்குகிறார்கள்.

போன வருடம் பக்கத்து நகரமான லாவலில் ஒரு கலியாணம். பெரிய மண்டபம், ஊரிலிருந்து விமானத்தில் வந்த மேளம். பெண்ணின் தாய்க்கு மட்டும் விசா கிடைக்கவில்லை. மூன்றாம் முடிச்சோடு கெட்டிமேளம் கச்சிதமாக நின்றது. அந்தப் பிள்ளையின் அழுகை கடைசி வரிசைவரை கேட்டது. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னும் கொஞ்சம் அடிச்சா குறைஞ்சே போயிடுவியள்?" என்று எழுந்து கத்திவிட்டேன்.

தவில்காரர் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.