பாட்டிலில் ஏறிய நீர்

ஆய்வகத்தில் அவளுக்குப் 'பூட்டு அக்கா' என்று பெயர். பஞ்சு டப்பாவைக்கூடப் பூட்டி வைப்பவள். வீட்டில் கணவர் "கதவைச் சாத்திட்டேன்" என்றால், எழுந்து போய்த் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள்.

பதினேழு வருடமாக அயனித் திரவங்கள் அவள் பொறுப்பு. உப்புதான், ஆனால் அறை வெப்பத்திலேயே எண்ணெய் போல ஓடும் உப்பு. புதுவகை பேட்டரிக்காக அதை வெற்றிடத்தில் சூடாக்கி உலர்த்தி, எத்தனை வோல்ட் வரை சிதையாமல் தாங்குகிறது என்று அளக்க வேண்டும். நீர் மட்டும் ஆகவே ஆகாது. கொஞ்சம் கலந்தாலும், நான்கு வோல்ட் தாங்க வேண்டியது இரண்டரையிலேயே கைவிரித்துவிடும்.

இந்த முறை உலர்த்திய பாட்டிலை, காற்றின் ஈரம் புகாத, ஆனால் எல்லோரும் கைவைக்கும் உலர்பெட்டியில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. தன் அலமாரியில் பூட்டினாள். அப்போதும் நம்பிக்கை இல்லை. தினமும் காலையில் மூடியைத் திறந்து, ஒரு சொட்டு எடுத்து நீரளவு பார்த்தாள். முதல் நாள் பத்து லட்சத்தில் நாற்பது பங்கு. மறுநாள் தொண்ணூறு. மூன்றாம் நாள் இருநூறைத் தாண்டியது.

அலமாரிக்கு இன்னொரு சாவி, கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவுகிற பெண்ணிடம் இருந்தது.

"என் பாட்டிலைத் தொட்டியா?"

"உங்க எண்ணெ எனக்கெதுக்குக்கா?"

"அப்ப தண்ணி தானா நடந்து உள்ள போச்சா?"

நேராக ஆய்வகத் தலைவரிடம் போய், மூன்று எண்களையும் மேசைமேல் வைத்தாள். எண்கள் பொய் சொல்லுமா? மாலைக்குள் அந்தப் பெண் வேலையிழந்து, சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

நாலாம் நாள் காலை. இரண்டு சாவியும் அவள் இடுப்பில். வெளியே தூறல், ஜன்னல் திறந்திருந்தது. நீரளவு முந்நூற்று நாற்பது.

மூடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். இந்தத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், உலர்பெட்டிக்கு வெளியில் திறக்காதீர்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் வாய் வலிக்கச் சொல்பவள் அவள்தான்.

தலைவரிடம் போனாள். "சார், அந்தத் தண்ணி நான் விட்டது." அவர் தொலைபேசியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மறுமுனையில் அந்தப் பெண், வேலைக்குத் திரும்பி வா என்றது வரை முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். "வரேங்க்கா. எனக்கும் வேலை வேணும். ஆனா நாளைக்கு இன்னொண்ணு கெட்டுப் போச்சுன்னா, முதல்ல யாரைப் பார்ப்பீங்க?"

உன்னை இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அது பொய்யாகிவிடும் என்று அவளுக்கே தெரியும்.