சும்மா எடுத்த படங்கள்

மாடிப்படியில் என்னை நிற்கச் சொல்லி ஒருமுறை படம் எடுத்தான் என் கொழுந்தன். கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தவன் ஒரு நொடி தயங்கினான். பிறகு லென்ஸின் வளையத்தைத் திருகினான். “கிட்டத்துல எடுத்தாதான் அண்ணி உங்க முகம் நல்லா வரும்” என்றான். படத்தில் முகம் மட்டும்தான் இருந்தது. அன்று உடுப்பு மாற்றும்போதுதான் கவனித்தேன், ரவிக்கைக் கை முழங்கைக்கு மேலே நீளமாய்க் கிழிந்திருந்தது. நான் அவனிடம் கேட்கவில்லை. அவனும் கடைசிவரை சொல்லவில்லை.

நான் கல்யாணமாகி வந்தபோது அவன் முன்பல் விழுந்த பையன். தாய் இல்லை. என் பெரிய நாத்தனார்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தார். வளர்ந்து தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் வேலைக்குப் போனான். ஓரிடத்தில் உட்காரமாட்டான். சாப்பிடும்போதுகூட ஒரு முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். “காலுக்குள்ள மோட்டார் வெச்சுத் தெச்சுட்டாங்களாடா?” என்று என் வீட்டுக்காரர் கேட்பார்.

யாரோ விற்ற பழைய கேமரா அவனுடையது. அதனோடு வந்த பிளாஸ்டிக் லென்ஸைத் தவிர வேறு வாங்கவில்லை. வளையத்தை ஒரு பக்கம் திருகினால் அறை முழுக்க உள்ளே வரும். மறுபக்கம் திருகினால் எதிரே இருப்பது கொஞ்சம் கிட்ட வரும், கொஞ்சம்தான். “இந்த டப்பாவுல காக்காகூட கொசு மாதிரிதான்டா தெரியும்” என்று ஸ்டூடியோக்காரர் கேலி செய்தார். “அதுக்கென்ன, நான் காக்கா கிட்ட நடந்து போயிக்கிறேன்” என்றான் இவன்.

கழற்றிய திருகாணிகள், பேருந்துக்குக் காத்திருப்பவரின் கொட்டாவி, உள்பக்கம் வெளியே தெரியக் காயும் சட்டை, இதையெல்லாம் எடுப்பான். எதுக்குடா என்று கேட்டால் ஒரே பதில்: “சும்மா.” கடைசியில் தெருவே அவனைச் சும்மா என்று கூப்பிட்டது.

நாத்தனார் நூல் ஆலையிலிருந்து ஓய்வு பெறும் நேரம் வந்தது. வழியனுப்பும் கூட்டத்தில் வைக்க ஒரு குடும்பப் படம் வேண்டுமென்று ஆசைப்பட்டார். அவர் வீட்டு முன்னறை தீப்பெட்டி அளவு. கொழுந்தன் பீரோவில் முதுகு ஒட்டும்வரை பின்னால் போனான். அப்போதும் எல்லோரும் அடங்கவில்லை. வளையத்தை விரிந்த பக்கம் முழுதும் திருகிவிட்டு எடுத்தான். எல்லோரையும் உட்காரவைத்துவிட்டுக் கடைசியில் வந்த நாத்தனார் ஓரத்து நாற்காலியில் இருந்தார். அவசரப் புத்திக்காரன் நடுவில் இருந்தவர்களை மட்டும் பார்த்துவிட்டுப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு நேரே ஆலைக்கே கொண்டுபோய் வைத்துவிட்டான்.

ஓரத்தில் இருந்தவரை லென்ஸ் இழுத்திருந்தது. முகம் பூசணிக்காய், கை தூண். “ராத்திரியோட ராத்திரியா இப்படி ஊதிட்டியே!” என்று கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். இத்தனை வருஷம் நிமிர்ந்து நடந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார் நாத்தனார். அன்றோடு தம்பியிடம் பேச்சை நிறுத்தினார்.

விளக்கம் சொல்ல அவன் போனபோது நானும் கூடப் போனேன். அவர் என்னைப் பார்த்தே பேசினார்.

“எதுக்கு வந்திருக்கான்னு கேளும்மா.”

“அக்கா, ரொம்ப விரிச்சு எடுத்தா ஓரத்துல இருக்கறவங்களை அது இழுத்துடும். நான் வேணும்னு பண்ணல.”

“நடுவுல உக்காந்தவ மட்டும் மகாராணி மாதிரி இருக்காளே, அவளை ஏன் இழுக்கலன்னு கேளு.”

நடுவில் உட்கார்ந்தவள் நான்தான். என்னத்தைக் கேட்பது? ஆண்டவனை நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையே அவனுக்குக் கப்பலில் மோட்டார் வேலை கிடைத்தது. மாதக் கடைசியில் கிளம்ப வேண்டும். அக்கா ஒரு வார்த்தை பேசாமல் எப்படிப் போவது என்ற ஒரே தவிப்பு அவனுக்கு. பெட்டியை அடுக்குவான், எல்லாவற்றையும் வெளியே எடுப்பான், மறுபடி அடுக்குவான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து தெருவுக்குப் போய்விடுவான். அவன் பெயரைச் சொல்லித்தான் தினமும் வேண்டிக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் வேலை விட்டு வரும்போது பார்த்தேன். அக்கா வீட்டுக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் கேமராவோடு நின்றிருந்தான். மேலே மாடியில் அவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். இவன் வளையத்தைத் திருகினான். அது முட்டி நின்றது. திரும்பவும் திருகினான்.

“உடைஞ்சிடப் போகுதுப்பா.”

“இன்னும் கொஞ்சம் கிட்ட வரமாட்டேங்குது அண்ணி.”

“காக்கா கிட்டயே நடந்து போவேன்னவன்தானே நீ? அக்கா கிட்ட நடக்கறதுக்கு என்னவாம்?”

என்னையே பார்த்தான். பிறகு விடுவிடுவென்று தெருவைக் கடந்து படியேறினான். நான் மூச்சு வாங்கப் பின்னாலேயே ஓடினேன்.

கதவு திறந்ததும் கேமராவின் வாரை அக்கா கழுத்தில் மாட்டினான். வளையத்தை விரிந்த பக்கம் திருகிக் கொடுத்தான். என்னை நடுவில் நிறுத்தி, தான் போய் ஓரத்தில் நின்றான். “இப்ப என்னை எடு அக்கா.”

அவர் என்னைப் பார்த்தார். எடுங்க என்று தலையாட்டினேன். பொத்தானை அழுத்தினார்.

பின்னாலிருந்த சின்னத் திரையில் அவன் தலை சுரைக்காய் போல ஒரு பக்கமாக இழுத்துக் கிடந்தது. காது ஒன்று தனியே ஊருக்குக் கிளம்பியது போலிருந்தது. நாத்தனார் உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார்.

“ஏண்டா, நீ இவ்வளவு அசிங்கமாவா இருக்க?”

அந்த ‘டா’ காதில் விழுந்ததும் நான் மனதுக்குள் ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நடுவுல வா. ஒழுங்கா ஒண்ணு எடுக்கறேன். ஆடாம நில்லுடா!”

வெளிச்சம் போதாத அறை. அந்த லென்ஸுக்கோ வெளிச்சம் நிறைய வேண்டும். அவன் கால் எப்போது நின்றது? படம் கலங்கலாகத்தான் வந்தது. சட்டம் போட்டு அதைத்தான் நாத்தனார் மாட்டி வைத்திருக்கிறார். வருகிறவர்களெல்லாம் யார் இது என்று கேட்கிறார்கள்.

கிளம்பும்போது கேமராவை அக்காவிடமே விட்டுவிட்டான். அதன்பின் அவன் வீட்டுப் பக்கம் வரவேயில்லை. ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பல், வேறு வேறு நம்பரிலிருந்து ஃபோன். எங்கேடா இருக்க என்று கேட்டு முடிப்பதற்குள் வைத்துவிடுகிறான். நான் சாமி கும்பிடும்போது அவன் எந்தத் திசையில் இருப்பானென்று தெரியாமல் எல்லாத் திசைக்கும் சேர்த்துக் கும்பிடுகிறேன்.

அவன் கிளம்பிய அன்று பேருந்து நிலையத்தில் நாத்தனார் அழுது ஓய்ந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஏறி இருக்கையில் அமர்ந்தவன் மறுபடி இறங்கி ஓடி வந்தான். எதையோ மறந்துவிட்டான் என்று நினைத்தேன். என் பக்கம் குனிந்து, அக்கா காதில் விழாதபடி சொன்னான்:

“இனிமே யார் படம் எடுத்தாலும், அக்காவை ஓரத்துல உக்கார வெச்சுடாதீங்க அண்ணி.”