மூடியே இருந்த கதவு

தடுப்பூசிக் கிடங்கில் அவளுக்கு அரைப்புள்ளி அக்கா என்று பெயர். இருபத்தாறு ஆண்டுகள் பதிவேடு எழுதியவள், ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மெல்லிய புத்தகத்தை வைத்துக்கொண்டு கணினி நிரல் எழுதக் கற்றாள். ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் அரைப்புள்ளி. திறந்த அடைப்புக்குறியை மூட வேண்டும். சொற்களை மேற்கோள்குறிக்குள் வைக்க வேண்டும். ஒன்று தவறினாலும் கணினி முரண்டு பிடிக்கும். அந்தக் கண்டிப்பு அவளுக்குப் பிடித்துப்போனது.

குளிர் அறைக் கதவுக்கு அவள் எழுதிய நிரல் அரை மணிக்கொரு முறை பார்க்கும். மூடியிருந்தால் 'மூடியது' என்று பதியும், இல்லையென்றால் மணியடிக்கும்.

காய்ச்சலுக்காக விடுப்பு எடுத்த நாளில், காலை பத்து மணிக்கு, கட்டிலில் சாய்ந்தபடி மூன்று வாரப் பதிவுத் தாள்களைச் சரிபார்த்தாள். ஆயிரத்தெட்டு வரிகள். எல்லாமே 'மூடியது'. முதலில் மனம் நிறைந்தது. பிறகு ஒரு வரியைத் திரும்பப் படித்தாள். தினமும் ஒன்பது மணிக்குப் பெட்டிகள் இறங்கும்; கதவு திறந்துதான் கிடக்கும். ஒன்பது மணி வரியும் 'மூடியது'.

கிடங்குக் காவலாளியைத் தொலைபேசியில் அழைத்தாள். "தம்பி, குளிர் அறைக் கதவப் போய்ப் பாருங்க."

"மூடியிருக்குன்னு திரையில காட்டுதேக்கா."

"திரைய விடுங்க. கண்ணால பாருங்க."

"நீங்க எழுதினத நீங்களே நம்பலேன்னா எப்படி? மூணு வாரமா மணித் தொல்லையும் இல்ல, காது நிம்மதியா இருக்கு."

"மூணு வாரமா அடிக்கலையா? ஏன் சொல்லல?"

"அடிச்சா சொல்லலாம். அடிக்காததயும் வந்து சொல்லுவாங்களா?"

அவன் நடக்கும் ஓசை கேட்டது. எட்டு டிகிரியைத் தாண்டினால் மருந்து முழுவதையும் கொட்ட வேண்டியதுதான். நாளைக் காலை முகாமுக்கு இருநூற்று நாற்பது குழந்தைகள் வருகிறார்கள்.

"அக்கா, பெட்டி ஒண்ணு குறுக்க நிக்குது. கதவு நாலு விரக்கடை திறந்திருக்கு."

"நகத்திட்டு மூடுங்க. உள்ள வெப்பமானி எவ்வளவு காட்டுது?"

பெட்டி தரையில் உராயும் ஓசை கேட்டது.

"ஏழரை."

அவள் காய்ச்சலோடு ஆட்டோ பிடித்தாள். கிடங்கில் நிரலை வரிவரியாக விரலால் தொட்டுப் படித்தாள். பதினொன்றாவது வரியில் விரல் நின்றது. அங்கே இரண்டு சமக்குறிகள் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால்தான் 'மூடியிருக்கிறதா' என்று கேட்பதாகும். ஒன்று மட்டும் இருந்தால், கேட்காமலேயே 'மூடியது' என்று வைத்துக்கொள்ளும். மூன்று வாரத்துக்கு முன் நிரலைத் துப்புரவு செய்தபோது, கை தவறி இரட்டித்த எழுத்து என்று அவளே ஒன்றை அழித்திருந்தாள். அரைப்புள்ளி விட்டால் அலறும் கணினி இதற்கு மூச்சு விடவில்லை.

குறியைச் சேர்த்தாள். "இப்ப கதவத் திறங்க."

நிரலை ஓட்டினாள். மணி அலறியது.

"அக்கா, காது கிழியுது. மூடட்டுமா?"

"மூடுங்க," என்றவள் பதிவேட்டை எடுத்து, தேதி எழுதி, தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.