தரையில் படுத்துப் பார்த்தவர்

பெரம்பலூரில் என் வீட்டை மாற்றியமைக்க வந்த உள்வடிவமைப்பாளர் ஒல்லியானவர். சட்டையில் எப்போதும் மரத்தூள் ஒட்டியிருக்கும். ஒவ்வோர் அறையிலும் தரையில் படுத்து, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்ப்பார். கட்டட அனுமதிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்குத் தெரிந்து, எந்த விதியிலும் இல்லாத நடைமுறை அது.

மனைவி இறந்தபின் பூட்டிக் கிடந்த அறையை இல்லாமல் ஆக்குவதுதான் என் நோக்கம். சுவருக்குப் பதில் நகரும் மூங்கில் தடுப்பு, சிமெண்ட் தரையைப் பெயர்த்துவிட்டுக் கல் தரை.

அந்த அறைக்குள் போனவர் சுவரைப் பார்த்து ஒருக்களித்து, கன்னத்துக்கு உள்ளங்கையை வைத்துப் படுத்தார். அவள் படுப்பது அப்படித்தான். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"சார், இந்தத் தரைய ஒடைக்க வேணாங்க."

"ஏன், கோர்ட்ல ஸ்டே வாங்கிட்டீங்களா?"

"இல்லீங்க சார். யாரோ இப்பத்தான் எந்திரிச்சுப் போன மாதிரி சூடா இருக்கு."

"வெயில் பட்டிருக்கும்."

"ஜன்னலே இன்னும் தொறக்கலீங்களே."

சுவர் போய்விட்டது, மூங்கில் தடுப்பும் வந்துவிட்டது. தரையை மட்டும் நான் உடைக்கவிடவில்லை. அதே இடத்தில், அதேபோல் ஒருக்களித்துத் தினமும் படுத்துப் பார்க்கிறேன். சில்லென்றுதான் இருக்கிறது. அவளை ஒருமுறைகூடப் பார்த்திராத மனிதருக்கு மட்டும் அது எப்படிச் சுட்டது?