குளத்தங்கரை ரோடும் மைமூன் அக்கா கேட்ட கேள்வியும்

பிளானை நகல் எடுக்கும் அமோனியா பிரிண்ட் வாடை யாருக்காவது நினைவிருக்கிறதா? மூக்கில் ஏறினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். திண்டுக்கல்லில் என் முதல் வேலையே அந்த வாடைக்குள்தான். சர்வே எடுத்து பிளான் போட்டுக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் அது. நான் டிராஃப்ட்ஸ்மேன்... பெண்ணாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஊர் ஓரத்துக் குளத்தைச் சுற்றி ரோடு, நடைபாதை, பூங்கா எல்லாம் வரப்போகிறது என்றார்கள். இருபது வருஷம் கழித்து வரப்போகும் வண்டிகளுக்கும் சேர்த்துத் திட்டமாம். ரோட்டுக்கு இரண்டு வழி போட்டோம். ஒன்று கரை மேலே. அங்கே வரிசையாக வீடுகள், இடிக்க வேண்டியிருக்கும். இன்னொன்று எதிர்ப்பக்கம், வெறும் பொட்டல். யாருக்கும் சேதமில்லை. அதில் "காலி இடம்" என்று என் கையால் அழகாக எழுதினேன். அந்த எழுத்தைப் பார்த்து எனக்கே பெருமை!

கருத்துக் கேட்கும் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சுவரில் என் பிளானை ஒட்டியிருந்தார்கள். பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு நிழல் வேண்டும் என்றார் ஒருவர். போட்டிங் விடணும் என்றார் ஒரு ரிட்டயர்டு வாத்தியார்.

"பங்குனில குளம் வத்துனா போட்டைத் தோள்லயா தூக்கிட்டுப் போவீங்க?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். மண்டபமே சிரித்தது.

கடைசியில் எல்லோரும் எதிர்ப்பக்க வழிக்கே தலையாட்டினார்கள். முடிந்தது என்று நான் பேனாவை மூடிவிட்டேன். அப்போதுதான் மைமூன் அக்கா எழுந்தார். கரை மேல் குடியிருப்பவர். அவர் கணவருக்குத் தோல் கிடங்கில் வேலை. சர்வேக்குப் போன நாளெல்லாம் எங்களுக்கு அவர் வீட்டில்தான் தண்ணீர்.

"ஏன் தங்கச்சி, இத எந்த மாசம் வந்து அளந்தீங்க?"

"சித்திரைலக்கா..."

"அதான பார்த்தேன். ஐப்பசில வந்து பாருங்க. நீங்க காலி இடம்னு போட்டிருக்கீங்களே, அம்புட்டும் தண்ணி. இந்த ரோடு குளத்துக்குள்ளல்ல போகுது!"

பக்கத்தில் இருந்த அவர் கணவர் முக்காட்டு நுனியைப் பிடித்து இழுத்தார். அக்கா உட்காரவில்லை. வெயில் காலத்தில் நடக்கச் சுலபம் என்று சித்திரையில் அளந்துவிட்டு, அன்றைக்குத் தண்ணீர் நின்ற இடத்தோடு பிளானில் குளத்தை முடித்துவிட்டோம். எங்கள் ஆபீஸ் சார் மெல்ல எழுந்து போய் எதிர்ப்பக்கக் கோட்டைப் பென்சிலால் அடித்தார். மிச்சம் இருந்தது கரை வழி மட்டும்.

எனக்கு வெட்கத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். வாசலில் ஓடிப்போய் அக்காவைப் பிடித்தேன்.

"அக்கா, நீங்க பேசாம இருந்திருந்தா உங்க வீடு தப்பிச்சிருக்குமே?"

"என் வீடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதாக்கும்? அங்கிட்டு ரோட்டப் போட்டு அடைச்சா, அந்தத் தண்ணி எந்தத் தெருவுக்குள்ள போகும்னு யோசிச்சியா? சரி, வாரேன்... சோத்த வடிக்காம வந்துட்டேன்."

அவ்வளவுதான். அடுத்த வருஷம் கரை வீடுகளை இடித்தார்கள். அவர்களுக்கு மனை கொடுத்தது ஊருக்கு வெளியே, வெகு தூரத்தில். கூட்டம் முடிந்து போகிற வழியில் கணவர் அக்காவிடம் என்ன கேட்டிருப்பார், அக்கா என்ன சொல்லியிருப்பார்... இத்தனை வருஷமாக யோசிக்கிறேன்.

இப்போது கரை ரோட்டில் லைட், பெஞ்ச், செல்ஃபி எடுக்க ஊர்ப் பெயர் பெரிய எழுத்தில். நானும் தினம் வாக்கிங் போகிறேன். மழைக்காலத்தில் எதிர்ப்பக்கம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். நின்று பார்ப்பேன்.

போன வாரம் அந்த ரோட்டை நீட்டிக்கக் கூட்டம். இப்போதெல்லாம் டிரோன் படம், பெரிய ஸ்கிரீன், ஏசி. புது ரோடு எங்கள் வீட்டை ஒட்டியே வருகிறது. பக்கத்தில் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் ஒன்று உண்டு. முள் மண்டிக் கிடப்பதால் படத்தில் அது இல்லவே இல்லை. அதன் மேல்தான் ரோட்டை வரைந்திருக்கிறார்கள். ஒரு பெருமழையில் அந்த வாய்க்கால் ஓடியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"ரோடு வந்தா கீழ ரெண்டு கடை கட்டி வாடகைக்கு விட்டுறலாம். நீ செத்த நேரம் சும்மா இரு" என்றார் என் வீட்டுக்காரர், காதோரமாக.

ஆட்சேபணை உண்டா என்று மூன்று தடவை கேட்டார்கள். நான் சும்மாதான் இருந்தேன். வாழ்க்கை முழுக்கப் பிளான் போட்டவள் நான்.

எழுத்தில் மனு கொடுக்க வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறதாம். வாய்க்காலைப் பற்றி எழுதி முடித்துவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. கையெழுத்து மட்டும் பாக்கி.