பரிசு வந்தது, அக்கா போய்விட்டார்

கொரோனா ஊரடங்கெல்லாம் ஓய்ந்த மறுவருடம், பெங்களூரு ஆடுகோடியில் ஒரு சிறிய கார்மெண்ட்ஸில் சட்டை தைக்கும் வேலையில் இருந்தேன். ஸ்ரீராம்புரத்திலிருந்து பஸ் பிடித்துப் போவேன். அங்கே மிஷின்கள் எதிரெதிராக இருக்கும். எனக்கு எதிரே லிங்கராஜபுரத்து அக்கா ஒருவர். இருவருக்கும் காலர் வைக்கும் வேலை. யாருக்காவது துணி தேங்கினால் முடித்தவர்கள் எழுந்துபோய்க் கை கொடுப்போம். பேச்சும் சிரிப்புமாகப் பொழுது போவதே தெரியாது.

புதிதாக வந்த மேனேஜர், மிஷின்களை எல்லாம் ஒரே பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டார். அதிகம் தைப்பவருக்கு மாதாமாதம் எல்லோர் முன்னாலும் பரிசு என்றார். கெட்டவர் இல்லை, எங்களை உற்சாகப்படுத்தத்தான் நினைத்தார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

மாதக் கடைசியில் அக்காவின் மிஷின் மக்கர் செய்தது. நூல் அறுந்துகொண்டே இருந்தது. வழக்கம்போல் எழுந்தேன். சூப்பர்வைசர் உட்காரச் சொன்னார். அக்காவும் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "நீ தைம்மா. என்னால உன் பரிசு போச்சுன்னு இருக்க வேணாம்." குரலில் கோபமே இல்லை. அதுதான் உறுத்தியது.

பரிசு எனக்கே வந்தது, ஒரு குக்கர். எல்லோரும் கை தட்டினார்கள். ஆனால் மத்தியானம் சாப்பிடும்போது, எப்போதும் பங்கிட்டுக்கொள்பவர்கள் யாரும் என் டப்பாவில் கை வைக்கவில்லை, தங்கள் குழம்பையும் நீட்டவில்லை.

மறுநாளே மேனேஜரிடம் போய், பரிசை எல்லோருக்கும் பொதுவாகக் கொடுங்கள், மிஷினைப் பழையபடி போடுங்கள் என்று கேட்டேன். போட்டி இருந்தால்தான் வேலை ஓடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சில நாட்களில் அக்கா வேலையிலிருந்து நின்றுவிட்டார். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தையல் கடையில் சேர்ந்தார், சம்பளம் குறைவு. அவரைப் பார்த்து இன்னும் சிலரும் நின்றார்கள். வேலை தேங்கி ஆர்டர்கள் தள்ளிப் போன பிறகுதான் பரிசை நிறுத்தி, மிஷின்களையும் பழையபடி எதிரெதிராகத் திருப்பினார்கள். அக்காவைக் கூட்டி வரும்படி மேனேஜரே என்னிடம் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் சர்ச் முடிந்து வரும் நேரம் பார்த்து வீட்டுக்குப் போனேன். டீ போட்டுக் கொடுத்து ஆசையாகப் பேசினார். விஷயத்தைச் சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"உன்மேல வருத்தம் இல்லம்மா. ஆனா இனிமே அங்க ஒக்காந்தா, யாரு எவ்ளோ தச்சாங்கன்னுதான் கண்ணு போகும்."

நான் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன். விடிந்ததும் அடித்துப் பிடித்து வேலைக்கு ஓடிய அந்த நாட்களில் என்னை ஓட வைத்தது அவர் முகம்தான் என்று, எதிரே இருந்தபோது ஒருமுறைகூட அவரிடம் சொல்லவில்லையே என்ற ஆதங்கம் இன்றுவரை போகவில்லை.