விசில் சாரும் பஸ் கதையும்

காலையில் கிளெமென்ட் சாரின் கைகள் செய்யும் முதல் வேலை, விசிலைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கைக்குட்டையால் துடைப்பது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் உடம்பைத் துடைக்க வைத்திருக்கும் வெந்நீரில்தான் அந்தக் குளியல் நடக்கும். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, நத்தம் சாலையில் ஒரு முதியோர் இல்லத்துக்கு மேலாளராக வந்தவர், மைதானத்தையும் கையோடு கொண்டுவந்துவிட்டார். விசில் ஊதியதும் வேலை செய்யும் பெண்கள் வரிசையில் நிற்க வேண்டும். ஆளுக்கு ஒரே வாக்கியத்தில் செய்தி சொல்ல வேண்டும்.

குரலை மாற்றத் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அரிசி மூட்டையோடு காரில் வருகிறவர்களிடம் குழைந்து குழைந்து பேசுவார். வேலையாட்களைப் பார்த்ததும்தான் அந்தத் திறமை மறந்துபோகும்.

வேலையாட்களில் ஒருத்தியான நாகஜோதியும் லேசுப்பட்டவள் அல்ல. எதைச் சொன்னாலும் வீட்டு வாசலிலிருந்து ஆரம்பிப்பாள். முக்கியமானது கடைசியில்தான் வரும். ஆனால் ஆட்களை நடத்துவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் அவள் இல்லையே.

"சார், இன்னைக்கு எரியோட்டு பஸ்சு லேட்டு..."

"பஸ் கதை வேணாம். நெக்ஸ்ட்!"

மறுநாளும் அதே பஸ், அதே நெக்ஸ்ட்.

ஞாயிற்றுக்கிழமை, பக்கவாதத்தில் கிடந்த சோலைமுத்துவைப் பார்க்க மகள் தமிழ்மதி வந்தாள். சட்டை மாற்ற நாகஜோதியோடு சேர்ந்து அவரைத் திருப்பியவள் அலறிவிட்டாள். இடுப்புக்குக் கீழே தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. படுக்கைப் புண் முதலில் வெறும் சிவப்பாகத்தான் வரும். அப்போதே ஆளை அடிக்கடி திருப்பிப் படுக்கவைத்திருக்க வேண்டும். அவரோ கனத்த உடம்பு, ஒருத்தியால் முடியாது. துணைக்கு ஆள் தர வேண்டியவர் மேலாளர்.

"ஏம்மா சொல்லல? உன்னைய இன்னைக்கே நிப்பாட்டுறேன்!" என்று கத்தினார் கிளெமென்ட் சார்.

"சொல்லத்தான வந்தேன் சார்" என்றாள் நாகஜோதி. "நீங்கதான் பஸ்சு கதையிலயே என்னைய எறக்கி விட்டுட்டீங்க."

தமிழ்மதி திரும்பினாள். "அது என்ன பஸ்சு கத, அக்கா?"

"பஸ்சு லேட்டு தாயி. நான் வாரதுக்குள்ள வெந்நி தீந்துபோச்சு. பச்சத்தண்ணில தொடச்சேன், ஐயா துள்ளுனாரு. என்னடான்னு லேசா சாச்சுப் பாத்தா, இம்புட்டுச் செவப்பு. திருப்புறதுக்கு இன்னொரு ஆளு வேணும்னு கேக்கத்தான் நின்னேன்."

வெந்நீர் என்றதும் எல்லோர் கண்ணும் விசிலுக்குப் போயிற்று.

"இந்த அக்காவ நிப்பாட்டுனீங்கன்னா எங்கப்பாவக் கூட்டிட்டுப் போயிருவேன். நாளைக்குக் காலையில வாரேன், பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனாள் தமிழ்மதி.

மறுநாள் காலை விசில் ஊதவில்லை. தமிழ்மதி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, கிளெமென்ட் சார் சோலைமுத்துவின் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லும்மா. பஸ்சுல இருந்தே சொல்லு."

சொன்னாள். கண்டக்டர், சில்லறை, நாத்தனார் எல்லாரும் வந்து போனார்கள். சாரின் கை இரண்டு தடவை விசிலிருக்கும் பைக்குப் போய்த் திரும்பியது. கடைசியாக, "இடது குதிகாலும் செவந்திருக்கு சார்" என்றாள்.

இதற்காக யாரும் அவருக்கு மாலை போட வேண்டாம். எழுந்து, சோலைமுத்துவின் காலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். குதிகால் படுக்கையில் படாதபடி நாகஜோதி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணையை வைத்தாள்.